மூன்று ரப்பர்த் துண்டுகள்



போன ஞாயிற்றுக்கிழமை பழைய மாணவர் ஒருவர் இன்பாக்ஸில் கேட்டிருந்தார்: "சார், பையன் அவன் காருக்கு இன்ஜின் மவுண்டைக் கெட்டியானதா மாத்தணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். 30,000 ரூபாய்க்கு மேல ஆகும்ங்கிறான். இது தேவையா, தண்டமா?"

இரண்டு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. இதே கதை எங்கள் வீட்டிலும் நடந்தது. அதில் நான் இரண்டு தப்பு செய்தேன். ஒன்று இயற்பியல் தப்பு, மற்றது வீட்டுத் தப்பு. அதனால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

கார் பானெட்டைத் திறந்தால் இன்ஜின் அப்படியே பாடியோடு போல்ட் போட்டு முடுக்கியிருப்பதுபோலத் தெரியும். அப்படி இல்லை. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ரப்பர் இருக்கிறது. இப்போது வரும் சின்னக் கார்களில் பெரும்பாலும் மூன்று இடத்தில். மேலே இன்ஜின் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று. கீழே நாய்க்குப் போடும் எலும்பு வடிவத்தில் ஒரு துண்டு, அதை டாக்போன் என்பார்கள். இன்ஜினின் எடையை மேலே உள்ள இரண்டும் தாங்கும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் முன்னும் பின்னும் புரளப் பார்க்குமே, அதைக் கீழே உள்ளது பிடித்துக்கொள்ளும்.

ஆரம்ப காலத்து கார்களில் பெரும்பாலும் இன்ஜினைச் சட்டத்தோடு நேராகவே முடுக்கினார்கள். ஓட்டுபவரின் பல்லே ஆடும். 1931இல் அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் ரப்பர் மவுண்டுகளில் இன்ஜினை மிதக்கவிட்டு, அதற்கு 'ஃப்ளோட்டிங் பவர்' என்று பெயர் வைத்து விற்றது. அடுத்த வருடமே பிரான்ஸில் சிட்ரோயன் அதே முறையை உரிமம் வாங்கிப் போட்டது. அந்தக் கார்களின் முகப்பில் நீந்தும் அன்னப்பறவைச் சின்னம் இருக்கும். நான்கு சிலிண்டர் இன்ஜினை வைத்துக்கொண்டே உள்ளே இருப்பவர்களுக்கு நடுக்கம் தெரியாமல் செய்தது அன்றைக்குப் பெரிய விஷயம். அன்றிலிருந்து இன்றுவரை மவுண்ட் செய்யும் வேலை இரண்டுதான். இன்ஜினைப் பிடித்துவைக்க வேண்டும், அதன் நடுக்கத்தை நமக்குக் கடத்தாமலும் இருக்க வேண்டும். முதல் வேலைக்குக் கெட்டியாக இருப்பது நல்லது. இரண்டாவதற்கு மெத்தென்று இருப்பது நல்லது. சிக்கல் முழுவதும் இங்கேதான்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

என் மகனிடம் 1 லிட்டர், 3 சிலிண்டர், டர்போ பெட்ரோல் கார் ஒன்று இருக்கிறது. கம்பெனி பெயர் வேண்டாம். கோவைக்காரர்களுக்குக் கார் பைத்தியம் புதிதில்லை. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிற ஊர். பந்தயக் கார்களை இங்கேயே கட்டிய கரிவர்தன் பெயரில் 2003இல் வந்த ஓடுதளம் அது. நாரயண் கார்த்திகேயன் ஊரும் இதுதான். என் மகன் பந்தய வீரன் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை நண்பர்களோடு டிராக்குக்குப் போய் ஓட்டிவிட்டு, மறுநாள் காலை அதே காரில் ஆபீஸ் போகிறவன்.

வாரன்டி முடிந்ததும் ரீமேப் செய்தான். இன்ஜினின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி இழுவையைக் கூட்டுவது. அதற்குப் பிறகு முதல் கியரில் வேகமாக எடுத்தால் கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். இன்னும் அழுத்தி எடுத்தால் முன் சக்கரம் தரையில் தத்தித் தத்தித் துள்ளும். ஆக்சிலேட்டரை விட்டுப் பிடித்தால் கார் ஒரு குலுக்கல் போடும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினான். "மூணு மவுண்டையும் பாலியூரித்தேனுக்கு மாத்திருங்க ப்ரோ, கல்லு மாதிரி நிக்கும்" என்றார்கள். அவன் மாற்றினான்.

சும்மா சொல்லக் கூடாது, சொன்னபடி கல்லு மாதிரிதான் நின்றது. டொக் சத்தம் போய்விட்டது. கியர் போட்டால் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. ஆக்சிலேட்டரைத் தொட்டால் உடனே பதில். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் சிக்னலில் நின்றால் ரியர்வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கும் பஸ்ஸின் நம்பரைப் படிக்க முடியாது. டேஷ்போர்டு வண்டு மாதிரி ரீங்கரிக்கும். ஏசி போட்டால் இன்னும் கொஞ்சம். "புது புஷ்ஷுப்பா, கொஞ்சம் ஓடினா அடங்கிடும்" என்றான். ஓரளவு அடங்கத்தான் செய்தது. ஓரளவுதான்.

என் மனைவிக்குக் கீழ் முதுகில் டிஸ்க் பிரச்சினை. ஒவ்வொரு வியாழக்கிழமையும் பிசியோதெரபி. மகன்தான் ஆபீஸுக்கு லேட்டாகப் போவதாகச் சொல்லிவைத்துவிட்டு அம்மாவை அழைத்துப் போவான். மவுண்ட் மாற்றி இரண்டு வாரம் கழித்து அவள் சொன்னாள்: "நீ ஏன் சாமி ஆபீஸ விட்டுட்டு அலையற? வாசல்லயே பஸ்ஸு நிக்குது. நான் போய்க்கறேன்." அடுத்த வாரமும் அதே பதில். அதற்கடுத்த வாரம் பக்கத்து வீட்டு அம்மாவும் வருகிறார், பேச்சுத் துணை என்றாள். மகன் நம்பினான். நானும் நம்பினேன். நாற்பது வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவன் நம்பினேன்.

ஒரு கல்யாணத்துக்கு மூன்று பேரும் அதே காரில் போனோம். நானும் மனைவியும் பின்சீட்டில். லட்சுமி மில்ஸ் சிக்னலில் நீண்ட நேரம் நின்றோம். என் கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். அதன் உள்ளே தண்ணீரின் மேற்பரப்பில் அழகழகான வட்டங்கள், நகராமல் ஒரே இடத்தில் நின்றன. நிலையலை! 34 வருஷம் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? "இங்க பாரு" என்று காட்டுவதற்காகத் திரும்பினேன்.

அவள் இரண்டு உள்ளங்கையையும் சீட்டில் ஊன்றி, இடுப்பைச் சீட்டிலிருந்து லேசாகத் தூக்கி உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சிக்னல் விழுந்து கார் நகர்ந்ததும் கையை எடுத்துவிட்டுச் சாதாரணமாக உட்கார்ந்தாள். அடுத்த சிக்னலில் மறுபடியும் அதே.

வீட்டுக்கு வந்து தனியாகக் கேட்டேன். "இது மாத்துனதுல இருந்துங்க. நின்னா இடுப்புல ரீங்னு ஏறுது. அவன் ஆசப்பட்டுச் செஞ்சிருக்கறான். சொல்லிப்போடாதீங்க" என்றாள்.

மறுநாள் கணபதிப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவரிடம் போனேன். பிளஸ் டூ இயற்பியலில் 200க்கு 78 வாங்கியவர். அந்தக் காலத்தில் 70 எடுத்தால் பாஸ். "உனக்கு இது வராதுடா, வேற பாதை பாரு" என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் பார்த்த பாதையில் இப்போது பந்தயக் கார்கள் வந்து நிற்கின்றன.

விஷயத்தைச் சொல்லிவிட்டு என் கணக்கையும் சொன்னேன். "இன்ஜினோட திருப்புவிசை 175 நியூட்டன் மீட்டர். ரீமேப்புக்கு அப்புறம் 200க்குச் சொச்சம். இந்தச் சின்ன வித்தியாசத்துக்கு எதுக்குப்பா மூணு மவுண்டும் கல்லா இருக்கணும்?"

அவர் தயங்கினார். "சார், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாதுங்க. அந்தக் கணக்கு தப்புங்க சார்."

ஒரு பழைய கேஸ்கட் அட்டையின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினார். இந்த மாதிரி முன்சக்கர இழுவைக் கார்களில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டு. முதல் கியரில் இன்ஜினின் திருப்புவிசை 13, 14 மடங்காகப் பெருகித்தான் சக்கரத்துக்குப் போகும் அச்சுக்கு வருகிறது. அச்சை இந்தக் கட்டு எவ்வளவு முறுக்குகிறதோ, அதே அளவு எதிர்ப்பக்கமாக அச்சு இந்தக் கட்டை முறுக்கும். நியூட்டனின் மூன்றாம் விதி. அதைத் தாங்குவது மவுண்ட்கள். 175ஐ 13ஆல் பெருக்கினால் 2,275. டாக்போன் இருக்கும் தூரம் சுமார் மூன்றில் ஒரு மீட்டர் என்று வைத்தால், அதன்மேல் விழும் இழுவிசை கிட்டத்தட்ட 700 கிலோ எடைக்குச் சமம். டயர் வழுக்காமல் பிடிக்கும் வரைக்கும்தான் இந்தக் கணக்கு. ஆனாலும் ஒரு பழைய மாருதி 800 காரையே கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அதுவும் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் புஷ்ஷில்.

மூன்றாம் விதியை 34 வருஷம் கரும்பலகையில் எழுதியவன் நான். இன்ஜினின் விசை மட்டும்தான் மவுண்டுக்கு வரும் என்று நினைத்திருந்தேன். 78 மார்க் வாங்கியவர் அதைத் திருத்தினார். "மகன் சொன்ன பிரச்சினை நிஜம்தாங்க சார். டொக்குனு வர்றது, துள்றது எல்லாம் நிஜம். துள்ளுனா ஆக்ஸில் ஷாஃப்டே உடையும். வைத்தியம்தான் ஜாஸ்தி ஆயிருச்சு" என்றார்.

நடுக்கத்தின் கணக்கை நான் போட்டேன். அது எனக்குத் தெரிந்த இடம். 3 சிலிண்டர் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு மூன்று முறை எரிதல் நடக்கும். ஐடிலில் நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால், வினாடிக்கு 20 உதறல். 4 சிலிண்டர் என்றால் அதுவே கிட்டத்தட்ட 27. ரப்பர்மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஜினுக்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அதை வசதிக்காக வினாடிக்கு 10 என்று வைத்துக்கொள்வோம். உதறல் அதைவிட இரண்டு மடங்கு. பாடப்புத்தகச் சூத்திரப்படி, உதறலில் மூன்றில் ஒரு பங்குதான் பாடிக்குக் கடக்கும். இப்போது மவுண்டை மூன்று மடங்கு கெட்டியாக்குங்கள். இயல்பு அதிர்வெண் 10லிருந்து சுமார் 17 ஆகும். 20க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சூத்திரத்தில் போட்டால் உதறல் மூன்று மடங்காகப் பெருகிக் கடக்கும். மூன்றில் ஒன்று எங்கே, மூன்று எங்கே? ஒன்பது மடங்கு வித்தியாசம். நிஜத்தில் ரப்பரும் பாலியூரித்தேனும் கொஞ்சத்தை விழுங்கிவிடும், இவ்வளவு மோசமாக வராது. ஆனால் போகும் திசை இதுதான். ஒத்ததிர்வு என்று நாம் படித்ததே இது.

இந்தக் கணக்கிலேயே இன்னொன்றும் இருந்தது. அதே கார் 3,000 சுற்றில் ஓடும்போது உதறல் வினாடிக்கு 75. அது 17க்கு வெகு தூரம். கெட்டியான மவுண்ட் போட்டாலும் கொஞ்சம் இரைச்சல் கூடும், அவ்வளவுதான். ஓட்டுவதில் ஆசை உள்ளவன் நினைவில் வைத்திருப்பது 3,000க்கு மேலே போகும் நேரத்தை. பின்சீட்டில் இடுப்பு வலியோடு இருப்பவள் எண்ணுவது 800இல் நிற்கும் சிக்னல்களை. ஒரே காரில் போனாலும் அவர்கள் இருவரும் போனது வேறு வேறு காரில். என் மகன் அலட்சியக்காரன் இல்லை என்பதை அந்த அட்டையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

மனைவி சொல்ல வேண்டாம் என்றாள். ஆனாலும் அன்று ராத்திரி மகனிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சமையல்கட்டுக்குப் போய், "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டான். "போ கண்ணு, அதப் போயிச் சொல்லிக்கிட்டு" என்று அவள் தோசையைத் திருப்பினாள்.

சனிக்கிழமை காரைக் கணபதிக்கு எடுத்துப் போனோம். நல்லவேளை, கழற்றிய பழைய மவுண்ட்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தான். மாணவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மேலே இருந்த இரண்டும் நன்றாக இருந்தன. கீழே இருந்த டாக்போனின் ரப்பர் பாதிக்கு மேல் கிழிந்து, ஆயில் ஊறி, விரலால் அழுத்தினால் களி மாதிரி இருந்தது. "நோய் இது ஒண்ணுலதான் சார் இருந்திருக்கு. மத்த ரெண்டும் சும்மா மாட்டிக்கிச்சு" என்றார்.

மேலே இரண்டுக்கும் பழைய ஒரிஜினலையே மாட்டினார். கீழே புது ஒரிஜினல் டாக்போன், அதன் இடைவெளியில் மெத்தென்ற ஓர் இன்சர்ட். ஆயில் கசிந்த இடத்தையும் அடைத்தார்.

இனி, இன்பாக்ஸில் கேட்ட நண்பருக்கும், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களுக்கும், நான் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. வாங்குவதற்கு முன் பழையதைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை மெல்ல விடச் சொல்லுங்கள். மெக்கானிக் பக்கவாட்டில் நின்று இன்ஜின் எவ்வளவு புரள்கிறது என்று பார்க்கட்டும். காருக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது. ரிவர்ஸிலும் இதையே செய்யுங்கள். கிழிந்த ரப்பர்தான் காரணம் என்றால், புது ஒரிஜினலே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

2. முதலில் கீழ் மவுண்ட் மட்டும். புரள்வதைப் பிடிப்பது அதுதான். அது எடை தாங்குவதில்லை என்பதால் அதைக் கெட்டியாக்கினால் கூடும் நடுக்கம், மேலே உள்ளதைக் கெட்டியாக்குவதைவிடக் குறைவு. கூடவே கூடாது என்று சொல்லவில்லை, கூடும். மாட்டி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே உள்ளதை யோசியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த யோசனையே வராது.

3. இன்சர்ட் வேறு, முழு புஷ் வேறு. இன்சர்ட் என்பது ஒரிஜினல் ரப்பரில் இருக்கும் வெற்றிடத்தை அடைக்கும் துண்டு. ஒரிஜினல் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லை என்றால் கழற்றிவிடலாம். முழு புஷ் என்றால் பழைய ரப்பரைப் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுத்துவிட்டுப் புதிதாக ஏற்றுவது. திரும்பி வர வழி குறைவு. ஒரிஜினல் ரப்பர் கிழிந்திருந்தால் அதன்மேல் இன்சர்ட் போட்டுப் புண்ணை மறைக்காதீர்கள்.

4. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். மஞ்சள், ஊதா, கறுப்பு என்று வரும். ஒரு கம்பெனியின் நிறத்துக்கும் இன்னொன்றின் நிறத்துக்கும் சம்பந்தமில்லை. ஷோர் ஏ என்று ஓர் அளவு உண்டு, அந்த எண்ணைக் கேளுங்கள். கார் கம்பெனிகள் மவுண்டுக்குப் போடும் ரப்பர் பொதுவாக 50ஐ ஒட்டி இருக்கும். 70 என்றால் தினசரி ஓட்டத்துக்குச் சமாளிக்கலாம். 90ஐத் தாண்டினால் டிராக் காருக்கு. அலுமினியத்தில் செய்ததும் கிடைக்கும். அது பந்தயத்துக்கு மட்டும், அதைப் பற்றி வீட்டில் பேச்சே வேண்டாம்.

5. பாலியூரித்தேனுக்கு ஆயில் பட்டால் இயற்கை ரப்பர் அளவுக்குக் கெடாது, அது அதன் நல்ல குணம். ஆனால் ரப்பர் புஷ் இரும்போடு ஒட்டியிருந்து உள்ளுக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும். பாலியூரித்தேன் புஷ் பெரும்பாலும் இரும்புக் குழாய்மேல் சுழலும். அதனோடு வரும் கிரீஸைச் சரியாகப் போடாவிட்டால் கீச் கீச் என்று கத்தும்.

6. பல கார்களில் இந்த மவுண்ட் போல்ட்கள் ஒருமுறை முடுக்கினால் நீண்டுவிடும் வகை. கழற்றினால் புது போல்ட்தான். டார்க் ரெஞ்ச் இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். முடுக்கும்போது இன்ஜின் இழுபடாமல் அதன் இயல்பான இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

7. டிராக்குக்கு மட்டுமே போகும் கார் என்றால் மேலே சொன்ன பயங்களில் பாதியை மறந்துவிடலாம். அங்கே சிக்னல் கிடையாது.

என் மகனின் கார் இப்போதும் சிக்னலில் லேசாக முணுமுணுக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். டொக் சத்தம் போய்விட்டது. சக்கரம் துள்ளுவது எப்போதாவதுதான். கழற்றிய இரண்டு கெட்டி மவுண்ட்களும் அதே அட்டைப்பெட்டியில், மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. தனியாக டிராக் கார் ஒன்று கட்டும் நாளுக்காகவாம். கட்டட்டும்.

மாட்டிய அடுத்த வியாழக்கிழமை அவன் ஒன்றும் சொல்லாமல் காரை வாசலில் நிறுத்திக்கொண்டு ஹாரன் அடித்தான். அவள் பஸ் பாஸை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று நான் கேட்டேன். "காரு மாதிரி இருந்துச்சுங்க" என்றாள்.

இன்பாக்ஸில் கேட்ட நண்பரே, பையனைத் தடுக்காதீர்கள். அவன் சொல்லும் குறை நிஜமாக இருக்கலாம். அவனோடு மெக்கானிக்கிடம் போங்கள். மாட்டி முடித்ததும் ஓட்டிப் பார்ப்பதை அவனிடம் விட்டுவிட்டு நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். உங்கள் வீட்டம்மாவையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். பெரிய சிக்னலாகப் பார்த்து ஏசியோடு நிற்கச் சொல்லுங்கள். கையில் பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில் இருக்கட்டும்.

ஆனால் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.